எண்ணை மாற்றிப் பார்த்தது குற்றமா?

வாசகர் கடிதம்: கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்த தனியார் லேப், ரிப்போர்ட்டைப் பார்க்க எனக்கு ஒரு லிங்க் அனுப்பியது. அதன் கடைசியில் ஓர் எண் இருந்தது. ஒன்றைக் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். வேறு யாரோ ஒருவரின் ரிப்போர்ட் வந்தது. பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தன. நான்கு பேருடையதைப் பார்த்தேன், இரண்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். அன்றிரவே லேபுக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை. மாதம் ஒருமுறை கூடும் எங்கள் லினக்ஸ் நண்பர்கள் வட்டத்தில் லேபின் பெயரோடு இதைச் சொன்னேன். "பூட்டே இல்லாத இடத்துக்கு அத்துமீறல் எது?" என்று பாதிப் பேர், "அனுமதி இல்லாமல் தொட்டாலே குற்றம்" என்று மீதிப் பேர். அமெரிக்க வழக்குகளையெல்லாம் இழுத்துச் சண்டை. ஒரு நண்பன் அன்றிரவே ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) எழுதி முந்நூறு ரிப்போர்ட்களை இறக்கிவிட்டான். இப்போது லேபின் வக்கீலிடமிருந்து எனக்கு நோட்டீஸ்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவு, அவதூறு, 25 லட்சம் இழப்பீடு. 15 நாளில் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிடட்டுமா, அல்லது எல்லாவற்றையும் பொதுவெளியில் போட்டுவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

இரண்டும் வேண்டாம். முதலில் இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். அம்மாவின் ரிப்போர்ட்டில் தொடங்கிய விஷயம் இது. அவருக்கும் இதில் ஓர் இடம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வக்கீல் நோட்டீஸ் என்பது எதிர்த் தரப்பு வக்கீல் எழுதிய கடிதம், அவ்வளவுதான். அது எஃப்.ஐ.ஆரும் இல்லை, கோர்ட் சம்மனும் இல்லை. பதில் போடாமல் விடக் கூடாது, ஆனால் பயந்துபோய்க் கையெழுத்தும் போடக் கூடாது. நீங்கள் அனுப்பிய நகலில் மன்னிப்புக் கடிதத்தின் இரண்டாவது பத்தியைப் படித்தேன். "கணினி அமைப்புக்குள் சட்டவிரோதமாக நுழைந்து தரவுகளைத் திருடினேன்" என்று நீங்களே சொல்வதுபோல எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் பிரச்சினை தீராது. போலீசுக்குப் போக அவர்களிடம் இன்று இல்லாத ஓர் ஆதாரத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

இனி உங்கள் நண்பர்களின் விவாதத்துக்கு வருகிறேன். இதே விவாதத்தைக் கணினி ஆர்வலர்களோடு நானும் பல காலமாக நடத்தி வருகிறேன். எப்போதும் வீடு, கதவு, பூட்டு என்ற உவமையில்தான் அது தொடங்குகிறது. திறந்து கிடந்த வீடு என்று ஒருவர் சொல்வார், திறந்து கிடந்தாலும் அடுத்தவன் வீடுதானே என்பார் இன்னொருவர். அந்த உவமையை விட்டுவிட்டுச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அதன் 43ஆம் பிரிவு, கணினியின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் அதை அணுகுவது, அதிலிருந்து தரவை இறக்குவது, நகலெடுப்பது போன்ற செயல்களைப் பட்டியலிடுகிறது. அந்தப் பிரிவு பூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. பாஸ்வேர்டு இருந்ததா, அதை உடைத்தீர்களா என்று கேட்கவில்லை. அனுமதி இருந்ததா என்று மட்டும் கேட்கிறது. ஆகவே "பூட்டு இல்லை, அதனால் தப்பில்லை" என்ற வாதம் இங்கே நிற்காது. உங்களுக்கு வந்த லிங்க், அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கான அனுமதி. பக்கத்து எண்ணில் இருந்தவரின் ரிப்போர்ட்டுக்கு அப்படி எந்த அனுமதியும் உங்களுக்கு இல்லை.

ஆனால் 43ஆம் பிரிவு இழப்பீடு சம்பந்தப்பட்டது. சிறைத் தண்டனை 66ஆம் பிரிவில் வருகிறது: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவுக்குள் நுழைய இன்னொரு நிபந்தனை உண்டு. 43இல் சொன்ன செயலை "நேர்மையின்றியோ மோசடியாகவோ" செய்திருக்க வேண்டும். நேர்மையின்றி என்றால், ஒருவருக்கு முறைகேடான ஆதாயத்தையோ இன்னொருவருக்கு முறைகேடான நட்டத்தையோ உண்டாக்கும் நோக்கத்தோடு. இந்த நிபந்தனை 2008இல் செய்து 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. "அனுமதி இல்லாமல் தொட்டாலே குற்றம்" என்ற உங்கள் இரண்டாவது கட்சியின் வாதம் இங்கே விழுந்துவிடுகிறது. தொட்டதற்கு இழப்பீடு கேட்கலாம். ஜெயிலுக்கு அனுப்ப வேண்டுமென்றால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும்.

சரி, நோக்கத்தை எப்படி நிரூபிப்பார்கள்? இந்தக் கேள்வி உங்கள் விவாதத்தில் வரவேயில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

லேபின் சர்வரில் ஒரு லாக் இருக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி: நேரம், ஐபி முகவரி, கேட்ட பக்கம், கேட்ட பிரவுசரின் பெயர். உங்கள் வரிகள் எப்படி இருக்கும்? இரவு 9.40க்கு அம்மாவின் எண். 9.41க்கு அடுத்த எண். பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் விட்டு மூன்று எண்கள். எல்லாம் ஒரே போன், ஒரே குரோம் பிரவுசர். அதோடு நின்றுவிட்டது. 10.20க்கு நீங்கள் அனுப்பிய மெயில் லேபின் இன்பாக்ஸில் விழுந்திருக்கிறது. ஓட்டை இருக்கிறதா என்று ஒருவர் சோதித்தார், உறுதி செய்துகொண்டார், நிறுத்தினார், சொன்னார் என்று அந்த வரிகளே சொல்லிவிடும். உங்கள் நண்பரின் வரிகளில் ஒரு விநாடிக்குப் பல கோரிக்கைகள், எண்கள் வரிசையாக, பிரவுசர் பெயர் வர வேண்டிய இடத்தில், ஸ்கிரிப்ட் எழுதப் பயன்படும் பைத்தான் நிரல் நூலகத்தின் பெயர். அதற்குப் பிறகு எந்த மெயிலும் இல்லை. இரண்டு பேரும் புகுந்தது ஒரே ஓட்டைதான். ஆனால் லாக் சொல்லும் கதை வேறு வேறு.

அந்த லாக்கை கோர்ட்டில் வைக்க வேண்டுமானால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற எண்) இருக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழின் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது இது. உங்கள் பதில் நோட்டீஸில் "இந்தத் தேதியின் சர்வர் லாக்கை அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள்" என்று கட்டாயம் கேட்க வேண்டும். அந்த லாக் உங்களுக்குச் சாதகமான ஆவணம்.

உங்கள் கூட்டத்தில் பேசப்பட்ட அமெரிக்க வழக்குகளில் ஒன்றை மட்டும் திருத்த விரும்புகிறேன். "வீவ்" என்று அறியப்பட்ட அமெரிக்க ஹேக்கர் ஆண்ட்ரூ ஆர்ன்ஹைமரை விடுவித்துவிட்டார்கள், ஆகவே எண்ணை மாற்றிப் பார்ப்பது குற்றமில்லை என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2010இல் அவரும் கூட்டாளியும் ஏ.டி. அண்ட் டி. என்ற தொலைபேசி நிறுவனத்தின் தளத்தில் ஐபேடின் சிம் எண்களை வரிசையாகப் போட்டுப் பார்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெயில் முகவரிகளை எடுத்தார்கள். எடுத்த பட்டியல் ஒரு செய்தித் தளத்துக்குப் போனது. 2013இல் அவருக்கு 41 மாதச் சிறை விதித்தார்கள். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது உண்மை. ஆனால் ரத்து செய்ததற்குக் காரணம், வழக்கை நியூ ஜெர்சியில் நடத்தியது தவறு என்பதுதான். அவர் செய்தது குற்றமா இல்லையா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு முடிவு சொல்லவில்லை. அதை நம்பி யாரும் ஸ்கிரிப்ட் ஓட்ட வேண்டாம். எப்படியிருந்தாலும் அந்த ஊர்த் தீர்ப்பு நம்மூர் மாஜிஸ்திரேட்டைக் கட்டுப்படுத்தாது.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்று இருக்கிறது, அதைப் பேசுங்கள். 2010இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், வெளிநாட்டு ஆய்வாளர்களான அலெக்ஸ் ஹால்டர்மன், ராப் கோங்ரைப் ஆகியோரோடு சேர்ந்து மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை எப்படி ஏமாற்றலாம் என்று காட்டினார். அந்த ஆகஸ்டில் மும்பை போலீஸ் ஹைதராபாத்துக்கு வந்து அவரைக் கைது செய்தது. ஆய்வு சரியா தவறா என்று அந்த வழக்கு கேட்கவில்லை. அந்த இயந்திரம் உங்களிடம் எப்படி வந்தது, கொடுத்தது யார் என்றுதான் கேட்டது. கொடுத்தவரின் பெயரைச் சொல்ல ஹரி பிரசாத் மறுத்தார், ஒரு வாரம் காவலில் இருந்து ஜாமீனில் வந்தார். அவர் செய்தது நாட்டுக்கு நல்லது என்றே நான் நம்புகிறேன். அதே ஆண்டு அமெரிக்காவின் இணைய உரிமை அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அவருக்கு விருதும் கொடுத்தது. ஆனால் நீங்கள் கண்டுபிடித்தது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், கண்டுபிடித்த வழியில் ஒரு கேள்வி தொக்கி நின்றால், எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

எதிர்த் தரப்பு சும்மா மிரட்டிப் பார்ப்பதும் உண்டு. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு நாளிதழ்ச் செய்தியாளர், அரசுத் தளத்தின் எச்.டி.எம்.எல். மூலத்திலேயே (பக்கத்தின் பின்னால் இருக்கும், பிரவுசரில் யாரும் திறந்து பார்க்கக்கூடிய நிரல்) ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள் கிடப்பதைப் பார்த்தார். அரசுக்குச் சொல்லி, அவர்கள் சரிசெய்யும்வரை காத்திருந்து, பிறகுதான் செய்தி போட்டார்கள். அப்படியும் ஆளுநர் மைக் பார்சன் அவரை ஹேக்கர் என்று சொல்லி வழக்குத் தொடரப்போவதாக அறிவித்தார். நான்கு மாதம் கழித்து அரசு வழக்கறிஞர், குற்றச்சாட்டு எதுவும் பதியப்போவதில்லை என்றார். சரியான வரிசையில் நடந்துகொண்டதுதான் அந்தச் செய்தியாளரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்களை இப்போது அழிக்காதீர்கள். மெயில் அனுப்பிய அன்றே அழித்திருந்தால் அது நல்ல பழக்கம். நோட்டீஸ் வந்த பிறகு அழித்தால் ஆதாரத்தை மறைத்ததாகச் சொல்ல இடம் கொடுத்துவிடும். ஆனால் போனில் வைத்துக்கொண்டு சுற்றவும் வேண்டாம். கூகுள் போட்டோஸில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். "உங்கள் தரப்பு முன்னிலையில் அழித்துத் தரத் தயார்" என்று பதில் நோட்டீஸில் எழுதச் சொல்லுங்கள். அவை முன்பின் தெரியாத இருவரின் உடல்நிலை விவரங்கள். அவர்கள் விஷயத்தில் நமக்கு இருக்கும் பொறுப்பை இந்தச் சண்டையில் மறந்துவிடக் கூடாது.

பதில் நோட்டீஸில் நீண்ட விளக்கம் தேவையில்லை. அம்மா இன்ன தேதியில் பரிசோதனை செய்துகொண்டார். லேப் அனுப்பிய லிங்க்கில் எண் வரிசையாக இருந்தது. அதை மாற்றினால் பிறர் ரிப்போர்ட் தெரிகிறது என்று கண்டேன். அன்றிரவே உங்களுக்கு எழுதினேன். பணம் கேட்கவில்லை, யாரிடமும் எந்த ரிப்போர்ட்டையும் பகிரவில்லை. மற்ற குற்றச்சாட்டுகளை மறுக்கிறேன். இவ்வளவு போதும். அதோடு மூன்று கேள்விகள்: ஓட்டையை அடைத்துவிட்டீர்களா? பாதிக்கப்பட்ட நோயாளிகளுக்குச் சொன்னீர்களா? மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவித்தீர்களா? 2022 ஏப்ரல் 28இல் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, தரவுக் கசிவு போன்ற சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் மெயில் கிடைத்ததை நோட்டீஸிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அப்படியானால் அந்தக் கேள்வி அவர்கள் பக்கம் திரும்புகிறது. பதிலை உங்கள் வக்கீல் மூலமாக, ஒப்புதல் ரசீதோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்.

நீங்களும் தனியாக செர்ட்-இன்னுக்குப் புகார் செய்யுங்கள். மென்பொருள் ஓட்டைகளைப் பொறுப்போடு தெரிவிப்பதற்கென்றே அவர்களிடம் ஒரு நடைமுறை இருக்கிறது. எந்தத் தளம், எந்தப் பக்கம், என்ன செய்தால் என்ன நடக்கிறது என்று எழுதினால் போதும். பிறர் ரிப்போர்ட் எதையும் இணைக்காதீர்கள். இன்னும் ஓட்டை இருக்கிறதா என்று மறுபடி சோதித்துப் பார்க்கவும் கூடாது. நோட்டீஸ் வந்த பிறகு அந்த எண்ணை ஒருமுறை மாற்றினாலும், முதலில் இருந்த நல்லெண்ண வாதம் கெட்டுவிடும்.

அவதூறு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 356ஆம் பிரிவில், பொதுநலனுக்காகச் சொன்ன உண்மைக்கு விதிவிலக்கு உண்டு. கூட்டத்தில் நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்லியிருந்தால் அந்த விதிவிலக்கை நம்பலாம். "நோயாளிகள் விவரத்தை விற்கிறார்கள்" என்பதுபோல யாராவது கூடுதலாகப் பேசியிருந்தால் அதை ஆமோதிக்காதீர்கள். அதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை.

நண்பரின் நிலைமை வேறு. முந்நூறு ரிப்போர்ட்களை இறக்கியது 43ஆம் பிரிவில் நேரடியாக வருகிறது. ஓட்டையை நிரூபிக்க நீங்கள் பார்த்த நான்கே அதிகம். முந்நூறு எதற்கு என்று கேட்டால் அவரிடம் நல்ல பதில் இருக்காது. அந்தக் கோப்புகளை நீங்கள் வாங்கக் கூடாது, பார்க்கவும் கூடாது. "அழித்துவிடு" என்றும் அவரிடம் சொல்லாதீர்கள், அவர் தனியாக வேறு ஒரு வக்கீலைப் பார்க்கட்டும். உங்கள் கடிதத்தின் கடைசியில் இன்னொன்றும் இருந்தது: "50 ஆயிரம் கொடுங்கள், இல்லையென்றால் வெளியிடுவோம்" என்று லேபுக்கு எழுதலாம் என அவர் யோசனை சொன்னாராம். தம்பி, அது மிரட்டிப் பணம் பறித்தல். பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவு. அந்த ஒரு மெயில் போனால், நேர்மையின்மையை நிரூபிக்க போலீசுக்கு வேறு எதுவும் தேவைப்படாது. பரிசுத் தொகை என்பது, பக் பவுன்டி திட்டத்தை நிறுவனமே முன்கூட்டி அறிவித்து, எதைச் சோதிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கும் இடத்தில் மட்டும்தான். அறிவிக்காத இடத்தில் பணத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

ஒருவேளை போலீஸ் கூப்பிட்டால் போங்கள், வக்கீலோடு போங்கள். 66ஆம் பிரிவு ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும். ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை என்பதால், கைது அவசியமில்லாதபோது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ்தான் கொடுக்க வேண்டும். போனையும் லேப்டாப்பையும் எடுத்தால் பறிமுதல் பட்டியலின் நகலையும் ஹாஷ் மதிப்பையும் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? அவருடைய ரிப்போர்ட்டும் அந்த வரிசையில்தான் கிடக்கிறது. நீங்கள் அடுத்தவருடையதைப் பார்க்க முடிந்ததுபோல, அம்மாவுடையதை ஊரே பார்க்க முடியும். மருத்துவப் பதிவுகள், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகளின்படி, தனிப் பாதுகாப்பு தேவைப்படும் 'சென்சிட்டிவ்' தனிப்பட்ட தரவு. அதைக் காக்கத் தவறி ஒருவருக்கு இழப்பு ஏற்பட்டால் இழப்பீடு கேட்க, புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும்வரை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு இருக்கிறது. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே அதை விசாரிக்கும் அதிகாரி. புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அம்மா இழப்பீடு கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் "என் ரிப்போர்ட்டை ஏன் இப்படி வைத்திருந்தீர்கள்?" என்று ஒரு வாடிக்கையாளராக அவர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் போனால், ஹேக்கர் ஒருவனுக்கும் அப்பாவி நிறுவனத்துக்கும் நடக்கும் சண்டையாக இதைக் காட்டுவது அவர்களுக்குச் சிரமமாகிவிடும்.

சட்டம் இப்படி இருப்பது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள். சரியில்லை. ஓட்டையைக் கண்டு நேர்மையாகச் சொல்பவருக்கு நம் சட்டத்தில் தனியாக ஒரு விலக்குப் பிரிவு கிடையாது. நோக்கத்தை வைத்து வாதாடித்தான் தப்ப வேண்டும், அதற்குள் படிப்பும் வேலையும் கெட்டுவிடலாம். நெதர்லாந்தில் 2013 முதலே இதற்கு வழிகாட்டுதல் உண்டு. அமெரிக்க நீதித் துறை 2022 மே மாதம், நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு ஆய்வு செய்பவர்கள் மீது வழக்குத் தொடரக் கூடாது என்று தன் வழக்கறிஞர்களுக்கு எழுத்திலேயே சொன்னது. பெல்ஜியம் 2023இல் சட்டமே போட்டது: உடனே தெரிவிக்க வேண்டும், தேவைக்கு மேல் தோண்டக் கூடாது, அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது, ஏமாற்றும் நோக்கம் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டவர் குற்றவாளி அல்ல. இங்கேயும் அப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று உங்கள் லினக்ஸ் வட்டம் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு மனுவாக எழுதலாம். இந்தச் சட்டம் எங்கே கடிக்கிறது என்று உங்களைப் போன்றவர்களுக்குத்தான் நேரடியாகத் தெரியும்.

பொதுவெளியில் போடுவதைப் பற்றி: இப்போது வேண்டாம். ஓட்டை திறந்திருக்கும்போது வெளியிட்டால் அடிபடப்போவது லேப் இல்லை, வரிசையில் இருக்கும் நோயாளிகள். பாதுகாப்பு ஆய்வாளர்களிடம் 90 நாள் அவகாசம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. செர்ட்-இன் வழியாகச் சொல்லி, அடைத்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகு எழுதலாம். அப்போதும் யாருடைய ரிப்போர்ட்டின் படமும், கறுப்படித்துக்கூட, அதில் வேண்டாம். எழுதியதை வெளியிடுவதற்கு முன் உங்கள் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

15 நாளில் எத்தனை நாள் கழிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நோட்டீஸ் வந்த உறை, தபால் முத்திரையோடு இருந்தால் அதையும், லேப் அனுப்பிய லிங்க்கையும், அம்மாவின் பில்லையும், உங்கள் மெயிலின் முழு ஹெட்டரோடு (மெயில் போன நேரத்தையும் வழியையும் காட்டும் தலைப்பு வரிகள்) எடுத்த பிரிண்ட்டையும் ஒரு ஃபைலில் போட்டு, நாளைக் காலையிலேயே வக்கீலைப் பாருங்கள்.